மெட்ரோனோமை எப்போது நிறுத்துவது?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களில் நடந்தால், எங்கிருந்தாவது ஒரு பிள்ளை பாட்டுப் பயிற்சி செய்வது காதில் விழும். முன்பெல்லாம் அந்தக் குரலோடு இரண்டு சத்தங்கள் வரும். ஒன்று ஸ்ருதிப் பெட்டி, மற்றது தொடையில் விழும் அடி. இப்போது தொடைச் சத்தம் குறைந்து, அந்த இடத்தில் கைப்பேசியிலிருந்து 'டிக் டிக்' என்று ஒன்று வருகிறது. மெட்ரோனோம், அல்லது அதன் நம்மூர் உறவான தாளப் பெட்டி.

அதைக் குறை சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. 'வெள்ளைக்காரன் யந்திரம், நம் சங்கீதத்துக்கு ஒத்து வராது' என்று சபா கான்டீனில் காப்பி குடித்துக்கொண்டே சொல்பவர்கள் உண்டு. வயலினும் அங்கிருந்து வந்ததுதானே. பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றுக்கொண்டபோது யாராவது இப்படித்தான் முணுமுணுத்திருப்பார்கள். என் கட்சி வேறு. மெட்ரோனோம் வேண்டும், ஆனால் பயிற்சி நேரத்தில் பாதியாவது அது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எப்போது போடுவது என்று எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்று யாரும் சொல்வதில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வித்வான் இல்லை. அரசாங்கத்தில் கணக்கும் கோப்பும் எழுதி ஓய்வு பெற்றவன். ஆபீஸ் விட்டு வந்து ஆறு வருடம் வயலின் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது கொஞ்சம் சொல்ஃபேஜ் படித்தேன். இவ்வளவுதான் என் மூலதனம். மற்றதெல்லாம் ஐம்பது வருட மார்கழிகளில் கேட்டது.

நேரத்தை அளக்க மனிதன் முதலில் பார்த்தது தன் உடம்பைத்தான். தொல்காப்பியர் எழுத்தின் மாத்திரையைக் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் கொண்டு அளந்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது இது இலக்கணம் என்றுதான் நினைத்தோம். யோசித்தால் அது லயக் கணக்கு. ஐரோப்பாவிலும் அப்படித்தான். பிரஷ்ய மன்னர் பிரெடெரிக்குக்குப் புல்லாங்குழல் சொல்லிக் கொடுத்த குவான்ட்ஸ் என்பவர், 1752இல் எழுதிய புத்தகத்தில் பாட்டின் வேகத்தை நாடித் துடிப்பை வைத்துச் சொன்னார். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 80 துடிப்பு.

இதை உடம்பிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்தவர் மேல்ஸெல் என்று சொல்வார்கள். அதில் ஒரு சின்ன வில்லங்கம். ஆம்ஸ்டர்டாமில் விங்கெல் என்பவர் 1814இல் அந்த அமைப்பைச் செய்துவிட்டார். மேல்ஸெல் அதைப் பார்த்து, ஓர் அளவுகோலைச் சேர்த்து, 1815இல் காப்புரிமை வாங்கிக்கொண்டார். குறிப்பு எழுதியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்கியவர் இன்னொருவர். ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இதே மேல்ஸெல்தான் சதுரங்கம் ஆடும் யந்திர பொம்மை ஒன்றை ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தார். அந்தப் பொம்மையின் பெட்டிக்குள் ஒரு நிஜ ஆட்டக்காரர் ஒளிந்துகொண்டிருப்பார்!

பீத்தோவன் 1817இல் தன் எட்டு சிம்பொனிகளுக்கும் மெட்ரோனோம் கணக்கில் வேகத்தைக் குறித்துக் கொடுத்தார். பிறகு எழுதிய 'ஹாமர்கிளாவியர்' என்ற பியானோ சொனாட்டாவின் முதல் பகுதிக்கு 138 என்று போட்டார். அந்த வேகத்தில் வாசிக்க முடியுமா, அவர் அதைத்தான் சொன்னாரா என்று 200 வருடமாகச் சண்டை நடக்கிறது. எண்ணைத் துல்லியமாக எழுதிவைத்தும் தகராறு தீரவில்லை. அதே பீத்தோவன் இறந்த 1827ஆம் வருஷம்தான் தஞ்சாவூரில் சியாமா சாஸ்திரியும் மறைந்தார். மிஸ்ர சாபுவை மூன்று-நான்கு என்று போடாமல் நான்கு-மூன்று என்று திருப்பிப் போட்டுக் கீர்த்தனம் செய்த மனிதர் அவர். பெட்டியும் இல்லை, எண்ணும் இல்லை. கைதான்.

சாவி கொடுக்கும் பழைய மெட்ரோனோமைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மவுண்ட் ரோடு மியூஸி மியூசிகல் போன்ற கடைகளில் பியானோ மாணவர்களுக்காக இருக்கும். கோபுர வடிவில் மரப்பெட்டி. உள்ளே தலைகீழாக நிற்கும் ஊசல். கீழே மறைவாக ஒரு கனமான குண்டு, மேலே கம்பியில் நகர்த்தக்கூடிய சின்ன எடை. எடையை மேலே தள்ளினால் ஆட்டம் மெதுவாகும், கீழே இறக்கினால் வேகம். அளவு 40இல் தொடங்கி 208 வரை போகும். வைக்கும் மேஜை சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் 'டிக்...டக், டிக்...டக்' என்று நொண்டும்.

எங்கள் பள்ளியில் சங்கீதம் சொல்லித் தந்தவர் பெயரளவில் பிரெஞ்சு மேத்ரு, ஆள் சுத்தமான புதுச்சேரித் தமிழர். 'மெத்ரோனோம்' என்றுதான் சொல்வார். ஹார்மோனியத்தின் மேல் அதை வைப்பதற்கு முன், நோட்டுக் காகிதத்தை மடித்து ஹார்மோனியத்தின் ஒரு காலுக்குக் கீழே சொருகுவார். பிறகு சாவி கொடுத்து ஆட விடுவார். நாங்கள் 'தோ ரே மி' என்று ஸ்வரப் பெயர்களைப் பாடிக்கொண்டே வலது கையால் மெஸ்யூர் போட வேண்டும். கீழே, இடது, வலது, மேலே. நாலு எண்ணிக்கைக்கு நாலு திசை. யந்திரம் கண் முன்னால் ஆடிக்கொண்டிருந்தாலும் கை சும்மா இருக்கக் கூடாது. இருந்தால் 'ஆன் மெஸ்யூர்!' என்று ஓர் அதட்டல் வரும். தாளத்தில் நில் என்று அர்த்தம்.

அவர் செய்த முக்கியமான காரியம் ஒன்று உண்டு. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு விரலால் அந்தக் கம்பியைப் பிடித்து நிறுத்திவிடுவார். சத்தம் போய்விடும். நாங்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மட்டும் காலால் தரையில் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருப்பார். எட்டு மெஸ்யூர் கழித்து விரலை எடுப்பார். யந்திரம் 'டக்' என்று எங்கள் கையோடு சேர்ந்து விழுந்தால் அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். முன்னே பின்னே விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. வாரத்தில் நாலு நாள் மறுபடி முதலிலிருந்துதான்.

மெட்ரோனோமைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால் எனக்கு இன்றும் அந்த விரல்தான்.

இது வெளிநாட்டுப் பாடம் என்று நினைக்க வேண்டாம். நம்மிடம் மெட்ரோனோம் எப்போதோ உண்டு, அதற்குப் பேர் தட்டுக்கழி. பரதநாட்டிய வகுப்பில் நட்டுவனார் தரையில் உட்கார்ந்து மரக்கட்டையில் கழியால் தட்டுவார். அடவு ஒவ்வொன்றும் மூன்று காலம். 1936இல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா இப்போது திருவான்மியூரில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டைச் சத்தம் மறக்காது. ஆனால் தட்டுக்கழிக்கும் கைப்பேசிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கழியைப் பிடித்திருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் கால் தடுமாறினால் அவருக்குத் தெரியும். சில சமயம் வேண்டுமென்றே நிறுத்துவார், வாயால் மட்டும் சொற்கட்டு சொல்வார், கட்டையை மீண்டும் எடுப்பார். கைப்பேசிக்கு நீங்கள் தடுமாறியது தெரியாது. நீங்கள் எழுந்து போய்த் தோசை சாப்பிட்டாலும் அது ஆதி தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

கபாலீஸ்வரர் கோவில் பங்குனி உற்சவத்தில் சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பார்களே, அப்போது நாகஸ்வரக்காரரையும் தவிலையும் விட்டுவிட்டு ஜால்ரா போடுகிறவரைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு நடக்கிறார். கால் ஒரு வேகத்தில் போகிறது. பல்லக்குத் தூக்குகிறவர்களின் நடை வேறு வேகம். தவில்காரர் மூன்று காலத்திலும் திஸ்ரத்திலும் புகுந்து விளையாடுகிறார். இத்தனைக்கும் நடுவே அவருடைய கை மட்டும் அப்படியே இருக்கிறது. மேடையில் அவருக்குப் பொன்னாடை கிடையாது. ஆனால் அவர் தவறினால் மற்ற எல்லோரும் சேர்ந்து விழ வேண்டியதுதான். அந்தக் கையைப் பெட்டி கொடுத்ததில்லை. சின்ன வயதிலிருந்து வாசிப்பவர்களின் பக்கத்தில் நின்று வந்தது.

லயம் பிறவியில் வருவது, சிலருக்கு உண்டு, சிலருக்குக் கிடையாது என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இதனால் ஒரு பிள்ளையின் பாட்டே நின்றுபோக இருந்ததைப் போன வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

எங்கள் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் ஒரு பெண். 11 வயது. நாலு வருடமாகப் பாட்டுக் கற்கிறாள். தினமும் முக்கால் மணி நேரம் சாதகம், கைப்பேசியில் தாளம் வைத்துக்கொண்டு. கீழே என் ஜன்னலுக்குத் தெளிவாகக் கேட்கும். குரலும் நன்றாக இருக்கும், தாளமும் பிசகாது. நவராத்திரியில் ஓர் இடத்தில் பாட அழைத்திருந்தார்கள். மிருதங்கத்துக்கு அவளைவிட இரண்டு வயது பெரிய பையன். வர்ணம் ஆரம்பித்தது. பையனுக்குப் பதற்றம், கை கொஞ்சம் முன்னால் ஓடியது. இவளும் கூட ஓடினாள். இவள் ஓடுவதைப் பார்த்து அவன் இன்னும் ஓடினான். இரண்டாம் காலத்தில் எழுத்துகளை விழுங்கி, சரணத்தில் எங்கேயோ விட்டுவிட்டு, கண்ணில் தண்ணீரோடு முடித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், அவள் காதில் விழும்படியே, 'லய ஞானம் போதாது' என்று தீர்ப்பு எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அங்கிள், பேசாம பாட்டை நிறுத்திட்டு கீபோர்ட் க்ளாஸ்ல சேர்த்துடலாமான்னு பார்க்கறேன்" என்றாள். பெண் கேட்டது வேறு. "தாத்தா, வீட்ல பாடினா கரெக்டா வருது. அங்க மட்டும் ஏன் ஓடிச்சு?"

நல்ல கேள்வி. வீட்டில் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு டிக் விழுகிறது. அவள் ஒரு நூல் முன்னே போனால் அடுத்த டிக் இழுத்துப் பிடிக்கிறது. பின்னே நின்றால் தள்ளிவிடுகிறது. இந்தத் திருத்தம் அவளுக்கே தெரியாமல் நடக்கிறது. ஆக, நாலு வருடத்தில் அவள் ஒரு நாளும் ஓடியதில்லை, ஓடினால் எப்படி இருக்கும் என்று அறிந்ததும் இல்லை. ஓடாதவளுக்கு நிற்கத் தெரியாது. தாளத்தைப் பின்பற்றத்தான் பழகியிருக்கிறாள், தாங்கப் பழகவில்லை. அன்றைக்குப் பெட்டி இருந்த இடத்தில் ஒரு பதறிய பையன் இருந்தான், அவனைப் பின்பற்றினாள். அவள் பழகியதை அப்படியே செய்தாள். இதில் ஞானக் குறைவு எங்கே வந்தது?

அவளுடைய ஆசிரியை அனுமதி கொடுத்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் அரை மணி உட்கார்ந்தோம். முதல் பத்து நாள் பாட்டே கிடையாது, கை மட்டும். ஆதி தாளம், நிமிஷத்துக்கு 60. ஓர் ஆவர்த்தனத்துக்கு 8 விநாடி. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. இதில் கவனிக்க ஒரு சின்ன விஷயம் உண்டு. கை சரியாக டிக்கின் மேலேயே விழுந்தால் டிக் காதில் கேட்காது. கை தட்டும் சத்தம் அதை மூடிவிடும். தட்டிய பிறகு டிக் கேட்டால் ஓடுகிறீர்கள். டிக் கேட்ட பிறகு தட்டினால் இழுக்கிறீர்கள். அவளுக்கு இது விளையாட்டு மாதிரி இருந்தது. டிக்கைக் காணாமல் ஆக்கும் விளையாட்டு.

பிறகு விரல் வேலை. கைப்பேசி அவளுடைய பாட்டியின் கையில். ஓர் ஆவர்த்தனம் சத்தம், ஓர் ஆவர்த்தனம் மௌனம். அது நின்றதும் இரண்டு மௌனம், நாலு மௌனம். பாட்டிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் இரண்டாம் நாளே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். "நாங்க ஒரே உரல்ல ரெண்டு பேரு மாத்தி மாத்தி இடிப்போம். தப்பினா ஒலக்கை கையில விழும். அப்ப எந்த டிக் டிக் இருந்துச்சு?" என்றார். உலக்கைப் பிடி என்பது எத்தனை பெரிய லயப் பயிற்சி என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. எதிரில் இருப்பவளின் மூச்சையும் பார்க்க வேண்டும், தன் கையும் நிற்க வேண்டும்.

மௌனத்தில் பிள்ளைகள் ஏன் ஓடுகிறார்கள் என்றால், இரண்டு தட்டுக்கு நடுவே அவர்களிடம் ஒன்றும் இல்லை. வெறும் காத்திருப்புதான் இருக்கிறது. காத்திருக்க யாருக்குத்தான் பொறுமை? மிருதங்கம் கற்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 'தகதிமி' என்று நாலாகவோ 'தகிட' என்று மூன்றாகவோ உள்ளே சொல்லி இடைவெளியை நிரப்பிவிடுவார்கள். பாடுகிறவர்களுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். மெட்ரோனோம் கோட்டின் இரண்டு முனையில் புள்ளி வைக்கிறது, கோட்டை நாம்தான் போட வேண்டும்.

அதனால்தான் மெதுவான காலம் கடினம். அடையாறில் கலாக்ஷேத்ராவில் சொல்லிக் கொடுத்த எம்.டி. ராமநாதன் பாடிக் கேட்டவர்களுக்கு இது தெரியும். அவருடைய ஹிந்தோளம் 'ஸாமஜவரகமனா'வை இப்போது யூட்யூபில் போட்டுக் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே உங்கள் கை முந்திக்கொண்டு போய் அவருக்காகக் காத்திருக்கும். அவருக்கு அவசரம் இல்லை. தட்டுக்குத் தட்டு அவ்வளவு இடம் இருந்தும் ஓர் இடமும் காலியாக இல்லை. வேகமாகப் பாடுவதற்குக் கைதட்டல் கிடைக்கும். இந்த மாதிரி நிற்பதற்கு மெட்ரோனோமும் உதவாது. 40க்குக் கீழே பழைய பெட்டிகளில் கோடே கிடையாது.

வேகம் பற்றி ஒரு குமாஸ்தா கணக்கு. ஸரளி வரிசையில் முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நாலு. 60இல் ஆரம்பித்தால் மூன்றாம் காலம் விநாடிக்கு 4 ஸ்வரம். முடியும். உற்சாகத்தில் 100இல் ஆரம்பிக்கிறது ஒரு பிள்ளை. மூன்றாம் காலம் நிமிஷத்துக்கு 400, விநாடிக்கு ஆறரைக்கும் மேல். நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அங்கே போய் மூச்சு முட்டி நிற்கும்போது, பிசகு மூன்றாம் காலத்தில் என்று நினைக்கிறோம். பிசகு முதல் தட்டில்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. நான் படித்த இடத்தில் மாஸ்டர் மர ஸ்கேலால் மேஜையில் தட்டிக்கொண்டே நடப்பார். எளிய வார்த்தை வந்தால் பறப்பது, கடினமான வார்த்தை வந்தால் தயங்குவது என்று அடித்தவன் கதி என்ன? எழுத்துக் கம்பிகள் இரண்டு மூன்று சேர்ந்து சிக்கிக்கொண்டு நிற்கும். விரலை மையாக்கிக்கொண்டு பிரிக்க வேண்டும். சீராக அடித்தவன் மெதுவாக அடிப்பது போலத் தெரியும், ஆனால் பக்கத்தை முதலில் முடித்தவன் அவன்தான். பாட்டிலும் ஓட்டம் இந்த இடங்களில்தான் வருகிறது. பழகிய ஸங்கதியில் பறக்கிறோம், பழகாததில் இழுக்கிறோம். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு தள்ளு தள்ளுகிறோம். எந்த இடம் என்று கண்டுபிடிக்க மெட்ரோனோமைப் போல நேர்மையான சாட்சி கிடையாது. வாத்தியார் ஒரு வேளை தாட்சண்யம் பார்ப்பார், பாட்டி மெச்சிக்கொள்வார், அது ரெண்டும் செய்யாது.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இப்படிச் செய்யலாம். 60இல் வைத்து இரண்டு ஆவர்த்தனம் கேளுங்கள். அணைத்துவிட்டு ஒரு கீர்த்தனத்தை முழுதாகத் தாளம் போட்டுப் பாடுங்கள். முடித்த கையை நிறுத்தாமல் பெட்டியைப் போட்டு, எந்த எண்ணில் கையோடு சேருகிறது என்று பாருங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு 60 வராது. 72 வந்தால், 8 விநாடியாக இருந்த ஆவர்த்தனம் ஆறே முக்கால் விநாடிக்கும் சற்றுக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் விரும்பி வேகமெடுத்தீர்களா, உங்களைக் கேட்காமல் போயிற்றா என்பதுதான் விஷயம். கச்சேரியில் பெரிய வித்வான்களும் சில நேரம் ஒரு தூக்குத் தூக்குவார்கள். அவர்கள் அதை அறிந்து செய்கிறார்கள், மிருதங்கக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள்.

பெட்டியால் பாவம் கெடும் என்கிறவர்களுக்கு: ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் அதைப் போடாதீர்கள், யார் போடச் சொன்னது? வர்ணத்துக்கும் கீர்த்தனத்துக்கும்தான் அது. அங்கேயும் சும்மா டிக் டிக் என்கிற மெட்ரோனோமுக்குச் சமம் எது, அரை இடம் எது, சாபுவில் நொண்டும் நடை எது என்று ஒன்றும் தெரியாது. லகுவையும் திருதத்தையும் வேறு வேறு சத்தத்தில் காட்டும் தாளப் பெட்டி கொஞ்சம் மேல். ஆனால் கை வேலையையும் அது செய்துவிடுகிறதே, அதுதான் எனக்குப் பயம். இன்றைய பிள்ளைகள் கேட்டு வளரும் சினிமாப் பாட்டும் பெரும்பாலும் ஹெட்போனில் க்ளிக் வைத்துக்கொண்டு, தனித்தனியாக வந்து பாடி, வாசித்து, ஒட்டிய பாட்டு. கோடம்பாக்கத்தில் முப்பது நாற்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, நடத்துநர் கையைப் பார்த்து வாசித்த காலத்துப் பாட்டுகளில் ஒரு மூச்சு ஏறி இறங்குவது கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தவறு என்று நினைக்கும் காது உருவாகிவிடக் கூடாது.

தி.நகர் வாணி மகாலிலோ கிருஷ்ண கான சபாவிலோ நாம் எல்லோரும் தொடையில் போடுகிறோமே தாளம், அதையும் விடாதீர்கள். முன் வரிசை மாமா ஒருவர் ரூபகத்துக்கு ஆதி போட்டுக்கொண்டு தலையையும் ஆட்டினால் பின்னால் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். பரவாயில்லை. கையாவது வேலை செய்கிறது.

அந்தப் பெண்ணின் கதை முடியவில்லை. பாட்டு வகுப்பு நிற்கவில்லை, கீபோர்டும் வரவில்லை. ஆதி தாளத்தில் நாலு ஆவர்த்தன மௌனம் இப்போது நிற்கிறது. பைரவி அட தாள வர்ணம் தொடங்கியிருக்கிறாள். 14 எண்ணிக்கை, மௌனம் ஓர் ஆவர்த்தனத்துக்கு மேல் தாங்கவில்லை, சரணத்தில் இன்னும் ஓடுகிறாள். இப்போது நான் ஒரு புது வேலை செய்கிறேன். எதிரில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டே, சொல்லாமல் கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுவேன், நவராத்திரியில் அந்தப் பையன் ஓடிய மாதிரி. முதல் நாள் கூடவே ஓடி வந்துவிட்டாள். அடுத்த வாரம் பாதி தூரம் வந்து நின்று திணறினாள். போன வியாழக்கிழமை பாட்டை நிறுத்தாமலே இடது கையை உயர்த்தி என்னைத் தடுத்து, பல்லவி முடிந்ததும், "தாத்தா, நீங்க ஓடறீங்க" என்றாள்.